படைக்களமும் படிப்பறையும்



இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழும் நமக்குக் கட்டளை என்னும் சொல் புதிதன்று. பிரட்டுக் களத்திலே பெயர் கொடுத்து வளர்ந்த தலைமுறைகள் நம்முடையவை. அன்று ஆணையிட்ட ஐரோப்பியத் துரைமாரிற் பலர் போர்ப்பயிற்சியும் பெற்றவர்கள். அவர்களுக்கென 1900 ஆம் ஆண்டில் அமைந்த தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, 1949 ஆம் ஆண்டிலேதான் கலைக்கப்பட்டது. படையிலிருந்து தோட்டத்துக்கு வருவது அவர்களுக்கு எளிதாயிருந்தது. இரண்டிடத்தும் ஆணையே ஆட்சி செய்தது. ஆனால், படையை விட்ட வீரர் வர்த்தக முகாமைத்துவம் கற்கும் மாணவராக அமர்வது அத்துணை எளிதா? இதனையே இன்று சிறிது ஆராய்வோம்.

இரண்டாம் உலகப் போர் முடியுமுன்னரே, ஐக்கிய அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிற்று. 1944 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22 ஆந் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதிற் கைச்சாத்திட்டார். போரிலிருந்து மீள்பவருக்கு ஆண்டுக்கு 500 டொலர் வரை கல்விக் கட்டணமும், மாதாந்த உதவிப் பணமும் கிடைத்தன. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அதன் துணையாற் கல்லூரிகளுக்குஞ் சென்றனர்.

அறிஞர் சிலர் அஞ்சினர். தகுதியுள்ளோரைப் பிரித்தறியாத சட்டம் என்று ஹாவார்ட் பல்கலைக்கழகத் தலைவர் கொனன்ட் குறைகூறினார். பின்னர் அவரே, அவ்வீரர்கள் மிகச் சிறந்த மாணவர்கள் என ஒப்புக்கொண்டார். அப்பல்கலைக்கழகத்தின் வர்த்தகப் பள்ளியில் 1949 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றோரிற் பெரும்பாலோர் முன்னாட் படைவீரர்கள். அவர்களிற் பலர் பிற்காலத்திற் பெருநிறுவனங்களின் தலைவராயினர்.

அவர்கள் கொண்டுவந்த செல்வம் யாது? காலந் தவறாமை, பொறுப்புணர்ச்சி, நெருக்கடியிற் கலங்காத மனம். புதிதாய்க் கற்கவேண்டியதும் உண்டு. அப்பள்ளியில் ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலை மாணவர் முன் வைப்பர், யாவரும் வாதிடுவர். அங்கே தோளிலுள்ள பட்டிக்கு மதிப்பில்லை, காரணத்துக்கே மதிப்பு. நேற்றுவரை நூறு பேருக்கு ஆணையிட்டவர், இளையவர் மறுத்துரைப்பதைப் பொறுமையோடு கேட்கவும், வரவுசெலவுக் கணக்கை வாசிக்கவும் பழகவேண்டும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. அச்சட்டம் எல்லார்க்கும் உரியதாயினும், தென் மாநிலங்களிற் கறுப்பின வீரர் பலருக்கு அதன் பயன் எட்டவில்லை. சட்டம் திறந்த கதவை வழக்கம் மூடிற்று.

நேயர்களே, 'தோட்டத்துப் பிள்ளைக்கு மேற்படிப்பு எதற்கு?' என்னும் கேள்வி, அன்று வீரரை நோக்கி எழுந்த ஐயத்தின் உடன்பிறப்பே. நம் நாட்டிலே 1986 ஆம் ஆண்டிற் பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகம் தோன்றியது. நம் மாகாணத்திலே, பெலிஹுல்ஓயாவில், சப்ரகமுவப் பல்கலைக்கழகம் முகாமைத்துவப் பீடத்தோடு விளங்குகின்றது. 1992 ஆம் ஆண்டு முதல் நம் தோட்டங்களை நிருவகிப்பவை பெருந்தோட்டக் கம்பனிகள். கந்தோரிற் கணக்கெழுதும் இளைஞரும், தொழிற்சாலையில் இரவுவேலை பார்ப்பவரும் பெற்ற அனுபவம், படைவீரரின் அனுபவத்துக்குக் குறைந்ததன்று. அவர்கள் முதலிற் பட்டம் பெறவும், பின்பு முகாமைத்துவம் பயிலவும் பெற்றோரும் ஆசிரியரும் துணைநிற்றல் வேண்டும். தோட்டத்தின் வேலையை அறிந்தவர், அதன் கணக்கையும் அறிந்து, நிருவாக மேசையில் அமரும் நாள் வரட்டும்.