பள்ளிப் பிள்ளைகளும் கோஷ்டிகளும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராய் இருப்பவர் கல்வியைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். கல்வியைப் பற்றி நாம் பேசப் போவதில்லை. வகுப்பில் யார் பக்கத்தில் யார் அமர்கிறார் என்பது பற்றியே பேச வந்துள்ளோம். இருக்கை ஒதுக்குவது நம் இலாகாவுக்கு அந்நியமான பொருளன்று.

நம் ஆர்.கே.புரத்துப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பை எட்டியதும் கோஷ்டி சேர்ந்துவிடுகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து, இந்தியிலேயே சண்டையும் சமாதானமும் செய்துகொள்வோர் ஒருபுறம். தந்தையின் மாற்றல் உத்தரவோடு திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஆண்டின் நடுவே வந்து விழிப்போர் மற்றொருபுறம். எந்த டைப் குவார்ட்டர்ஸ் என்று கேட்டறிந்த பின்னரே பழகுவோரும் உளர். செல்பேசியில் குழு அமைத்து, ஒருவனை மட்டும் சேர்க்காமல் விடுவது இக்காலத்துப் புதுமை. அவ்வாறு விடப்பட்ட பிள்ளை வீட்டில் வாய் திறப்பதில்லை. உணவு டப்பா திறக்கப்படாமலே திரும்பி வரும்போதுதான் தாய்க்கு ஐயம் எழுகிறது.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டெனத் தள்ளிவிடலாகாது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில், மாணவன் ஒருவனை அவன் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அவன் தங்கையும் வெட்டுண்டாள். சாதியே அதற்கு வேர். அதன்பின் அரசு அமைத்த ஒருநபர் குழுவின் நீதிபதி சந்துரு அவர்கள் 2024 ஜூனில் அறிக்கை அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள், மோதிரங்கள், நெற்றிக் குறிகள் ஆகியவை பள்ளியில் கூடா என்றார். மாணவரை அகர வரிசையில் அமர்த்த வேண்டும் என்பதும் அவர் பரிந்துரைகளுள் ஒன்று. அதே மாவட்டத்துச் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், சாதி பார்த்துத் தனியே உணவிட்டதால் எழுந்த பூசல் 1924-25இல் தமிழகக் காங்கிரசையே உலுக்கிற்று. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. தனிப்பந்தி போயிற்று, கையில் கயிறு வந்தது.

அகர வரிசை என்றதும் சிலர் நகைத்தனர். பெயரின் முதலெழுத்து மனத்தை மாற்றுமோ என்றனர். மாற்றும் என்பதற்குச் சான்று நம் தில்லியிலேயே இருக்கிறது. அரசு நிலத்தில் அமைந்த தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடம் தரல் வேண்டும் என 2007இல் விதி நடைமுறைக்கு வந்தது. அப்பள்ளிகளைக் கௌதம் ராவ் என்னும் பொருளியலறிஞர் ஆராய்ந்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டார். சில பள்ளிகளில் பெயரின் அகர வரிசைப்படியே படிப்புக் குழுக்கள் அமைத்திருந்தனர். ஆகவே, யாருக்கு யார் துணை என்பதைப் பிள்ளையோ பெற்றோரோ தேர்ந்தெடுக்கவில்லை. அவ்வாறு ஏழைப் பிள்ளையோடு கூடிப் படித்த செல்வர் பிள்ளைகள் அவர்களோடு விளையாட முன்வந்தனர். ஓட்டப் பந்தயத்துக்கு ஆள் சேர்க்கையில் ஏழை என்று ஒதுக்குவதும் குறைந்தது. மதிப்பெண் என்னாகும் என்பீர்கள். கணக்கிலும் இந்தியிலும் குறையவில்லை. ஆங்கிலத்தில் சிறிது குறைந்தது. அதை மறைத்துப் பேசுவது முறையன்று.

நம் அனுபவமும் இதுவே. தமிழ்நாடு எக்ஸ்பிரசில் யார் பக்கத்தில் யார் என்று பயணிகள் முடிவு செய்வதில்லை. குவாலியர் தாண்டுமுன் பேச்சு. நாகபுரி வருமுன் புளிச்சோறு கைமாறிவிடும்.

ஆயினும் அருகில் அமர்த்தினால் மட்டும் போதாது. அமெரிக்காவில் ஒக்லஹோமாவில் 1954இல் முசாபர் ஷெரீப் என்னும் உளநூலார் 22 சிறுவரை இரு கூட்டமாக்கிப் போட்டிகள் வைத்தார். கொடியை எரிக்குமளவு பகை மூண்டது. பின்னர் ஒன்றாக உண்ணச் செய்தார். உணவை எறிந்து சண்டையிட்டனர். உணவு கொண்டுவரும் வண்டி கிளம்பவில்லை என்று ஒரு நாடகம் ஆடினார். முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து இழுத்த அதே வடத்தால் இரு கூட்டமும் சேர்ந்து வண்டியை இழுத்தன! பகை தளர்ந்தது. 1971இல் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் இதே கருத்தைப் பாடத்துக்குக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒருவன் மற்றவனைக் கேட்டாலன்றிப் பாடம் முழுமை பெறாது.

இதற்கு ஏற்ற வகுப்பு நம் பிள்ளைகளின் வகுப்பைப் போல் வேறில்லை. புதிதாய் வந்தவனுக்குத் தமிழ் வரும், இந்தி வராது. இங்கு வளர்ந்தவனுக்கு இந்தி வரும், தமிழ் எழுதக் கை கூசும். ஒருவனிடம் உள்ளதே மற்றவனுக்கு வேண்டியது.

இனி நம் சங்கத்தைப் பாருங்கள். இவ்வரங்கில் தஞ்சைக்காரர் ஒரு வரிசை, நெல்லைக்காரர் ஒரு வரிசையாய் அமர்ந்திருக்கிறோம். பின் வரிசையில் உள்ள பிள்ளைகள் அதைக் கவனிக்கிறார்கள்! ஆகவே ஒரு விண்ணப்பம். சங்கத்து விளையாட்டுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைச் செக்டார்வாரியாகப் பிரிக்க வேண்டா. எல்லாப் பெயர்களையும் அகர வரிசையில் எழுதி, நான்கு நான்கு பேராய்ப் பிரிப்போம். பாதித் தமிழும் பாதி இந்தியும் தெரிந்தால்தான் விடை கிடைக்கும் புதையல் வேட்டை ஒன்றும் வைப்போம். பட்டியல் எழுதும் வேலையை நாமே ஏற்கிறோம். செயலாளரின் மேசைமீது தாள் இருக்கிறது. பெற்றோர்கள் வெளியே செல்லுமுன் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் அதில் குறித்துச் செல்ல வேண்டுகிறோம். வீட்டு எண்ணும் டைப்பும் தேவையில்லை.