தண்ணி நின்னுச்சா, வழி மாறுச்சா?

வாரம் முழுக்க லேப்டாப்ல பக் தேடுறவன், இந்த எபிசோடுல ஒரு போட்டு இன்ஜின்ல பக் தேடின கதையைச் சொல்லப் போறேன். தேடின கதைன்னு சொல்றதவிட, நானே உண்டாக்கின பக்கோட கதைன்னு சொல்லணும்.

எங்க வீடு வியாசர்பாடி. பைக் எடுத்தா கொஞ்ச நேரத்துல காசிமேடு. எங்க மாமா அங்க ஒரு விசைப்படகுல டிரைவர். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், கிழக்குக் கடற்கரையில விசைப்படகுங்க மீன்பிடிக்கப் போகக்கூடாது. மீன் பெருகுற காலம். அந்த நாள்லதான் போட்டுக்குப் பெயின்ட், வலைக்குத் தையல், இன்ஜினுக்கு வைத்தியம் எல்லாம் நடக்கும். 61-வது நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்காக மொத்த காசிமேடும் காத்திருக்கும்.

தடை முடிய நாலஞ்சு நாள் இருக்கும்போது மாமா போன் பண்ணார். "இன்ஜினுக்கு அடியில தண்ணி சொட்டுதுடா. மெக்கானிக் வேற போட்டுல இருக்காரு. நீ இன்ஜினியரிங் படிச்சவன்தானே, வந்து பாரு."

நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். இருந்தாலும் போனேன். டார்ச் அடிச்சுப் பார்த்தா, கடல்தண்ணி பம்புக்கு அடியில சின்னதா ஒரு ஓட்டை. அதுலேர்ந்துதான் சொட்டு. துடைச்சுக் காய வெச்சு, எபாக்சி பிசைஞ்சு அடைச்சேன். சொட்டு நின்னுச்சு. மாமா டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கல.

14-ம் தேதி சாயங்காலம் ஐஸ் ஏத்தியாச்சு, டீசல் ரொப்பியாச்சு. மாமா கடைசியா ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தார். பால் காபி கலர்ல வந்துச்சு. ஆயில்ல தண்ணி.

மெக்கானிக் பெரியவர் வந்தார். பம்பைத் துடைச்சுப் பார்த்துட்டு, "யாருப்பா இத அடைச்சது?" ன்னார். நான்தான்னேன். "நின்னுச்சா?" "நின்னுச்சுண்ணே." "நின்னுச்சா, இல்ல வழி மாறுச்சா?" எனக்குப் பதில் வரல.

அந்த ஓட்டை பழுது இல்ல. கம்பெனியே வேணும்னு போட்டது, பேரு வீப் ஹோல். பம்பு தண்டுல ரெண்டு சீல் இருக்கும். ஒண்ணு தண்ணியைத் தடுக்கும், இன்னொண்ணு இன்ஜின் ஆயிலைத் தடுக்கும். நடுவுல கொஞ்சம் இடைவெளி, அங்கதான் இந்த ஓட்டை. அதுல தண்ணி வந்தா தண்ணி சீல் போச்சு. ஆயில் வந்தா ஆயில் சீல் போச்சு. எது போனாலும் வெளியில வந்து சொல்லிடும். நான் அதோட வாயை அடைச்சுட்டேன். வெளியில போக வழியில்லாத உப்புத்தண்ணி, ஆயில் சீலைத் தாண்டி இன்ஜினுக்குள்ள போயிடுச்சு.

நம்ம பாஷையில சொல்லணும்னா, எரரைப் பிடிச்சு ஒண்ணுமே பண்ணாம விடுற காலி கேட்ச் பிளாக். லாக் சுத்தமா இருக்கும், டேட்டா உள்ள கெட்டுக்கிட்டிருக்கும்.

பெரியவர் வேலை பார்க்கும்போது பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டதைச் சொல்றேன். போட்டு இன்ஜின்ல ரெண்டு தண்ணி ஓடுது. ஒண்ணு, கூலன்ட் கலந்த நல்ல தண்ணி. இன்ஜினுக்குள்ளயே சுத்திச்சுத்தி வரும். இன்னொண்ணு கடல்தண்ணி. அடியில வால்வு வழியா ஏறி, பில்டர், பம்பு, ஹீட் எக்ஸ்சேஞ்சர் தாண்டித் திரும்பக் கடலுக்கே போயிடும். ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடும், ஆனா கலக்காது.

அதனால முதல் கேள்வி, எந்தத் தண்ணி? சொட்டைச் சூடான இரும்பு மேல காய விடுங்க. வெள்ளையா உப்புப் பூத்தா கடல். கலரா, வழவழன்னு இருந்தா கூலன்ட். நாக்குல வெச்சுப் பார்க்காதீங்க, கூலன்ட் விஷம்.

ரெண்டாவது, எப்போ? இன்ஜின் நின்னிருக்கும்போதும் கடல்தண்ணி வருதுன்னா, அடி வால்வை மூடுங்க. நின்னா, வால்வுக்கு இந்தப் பக்கம்தான் கோளாறு. நிக்கலன்னா வால்வு, இல்ல புரொப்பல்லர் தண்டு வெளிய போற இடம். ஓடும்போது மட்டும் வருதுன்னா, பம்பு அழுத்தம் கொடுக்குற பக்கம் தேடுங்க. வால்வைத் திறக்காம மட்டும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க, பம்போட ரப்பர் இம்பெல்லர் கருகிடும்.

மூணாவது, வெளியில சொட்டே இல்லாம கூலன்ட் குறையுதா? அப்போதான் உஷாராகணும். ஆயில் கம்பியைப் பாருங்க, புகை வெள்ளையா வருதான்னு பாருங்க. ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம். ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய் ஓட்டையாகிக் கூலன்ட் கடலுக்கே போகலாம்.

எல்லாத்துக்கும் முன்னாடி முழு இன்ஜினையும் துடைச்சுக் காய வைக்கணும். தண்ணி விழற இடமும் கிளம்புற இடமும் ஒண்ணா இருக்காது. மேலேர்ந்து கீழே தேடணும். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம்தான்.

பம்பைக் கழட்டி ரெண்டு சீலும் மாத்தினோம். ஆயிலை வடிச்சு, புது ஆயில் ஊத்தி, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடியும் வடிச்சோம். பில்டரும் மாத்தினோம். உப்புத்தண்ணி உள்ளயே கிடந்தா பேரிங்கைத் தின்னுடும்.

அதுக்குள்ள மத்த போட்டெல்லாம் லைட்டைப் போட்டுக்கிட்டுக் கடலுக்குப் போயிடுச்சு. எங்க போட்டு நாலு நாள் நின்னுச்சு. அவங்களுக்கு மாசச் சம்பளம் கிடையாது, பிடிச்ச மீன்ல பங்கு. 61 நாள் சும்மா இருந்தவங்க, என்னால இன்னும் நாலு நாள் சும்மா இருந்தாங்க. யாரும் என்னைத் திட்டல. ஒரு அண்ணன் மட்டும், "பரவால்ல தம்பி, துறைமுகத்துலயே தெரிஞ்சுச்சே, நடுக்கடல்ல தெரியாம" ன்னார். திட்டியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

இப்போ ஆபீஸ்ல யாராவது "அந்த அலர்ட் ரொம்பத் தொல்லை, ம்யூட் பண்ணிடு" ன்னு சொன்னா, கை போக மாட்டேங்குது. அது ஏன் வருதுன்னு பார்த்துட்டுத்தான் மறுவேலை.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.