ஆலை வாயிலுக்கும் வீட்டு வாயிலுக்கும் இடையே
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. நமக்கு முன் பேசிய அறிஞர்கள் அம்மரபை வழுவாது காத்தனர். நாம் மட்டும் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலர்க்கு வியப்பைத் தரலாம். ஆயினும் வீட்டுக்கு அடுத்தபடியாக நாம் பெருந்தொகை செலவிடுவது வண்டிக்கே அன்றோ? வாசற்கால் நிறுத்தும் நாளில் நூல் பிடித்து, மட்டம் வைத்து, கொத்தனாரை இருமுறை கேள்வி கேட்கும் நாம், புதிய வண்டியைப் பெறும் நாளில் சாவியையும் இனிப்புப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு, நிழற்படத்துக்கு நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். புதியது என்பதனாலேயே குறையற்றது என்று நம்பிவிடுகிறோம். அந்நம்பிக்கையைத்தான் இன்று சற்றே ஆராய விரும்புகிறோம்.

இப்பொருள் நமக்கு அயலானதன்று. வண்டியை வண்டியாக்கும் உறுப்புகள் பல நம் அண்டையிலேயே உருவாகின்றன. 1985இல் தோன்றிய அமர ராஜா நிறுவனம் திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் பேட்டரி செய்கிறது. சின்னபண்டூரில் அப்போலோ டயர் ஆலை 2020இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீசிட்டியில் 2016 ஏப்ரலில் திறக்கப்பட்ட இசுசு ஆலையில் பிக்-அப் வண்டிகள் முழு உருப்பெற்று வெளிவருகின்றன. பின்னிரண்டு இடங்களும் அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தன. நம்மவருள் சிலர் இத்தகைய ஆலைகளில் பணிபுரிகின்றனர். ஒரு வண்டி ஆலையை விட்டு வெளிவருமுன் எத்தனை சோதனைகளைக் கடக்கிறது என்பதை அவர்கள் நம்மினும் நன்கு அறிவார்கள். உருளைகளின்மேல் ஓடவிட்டுப் பிரேக்கைப் பார்க்கிறார்கள். செயற்கை மழையில் நிறுத்தி நீர்க்கசிவு பார்க்கிறார்கள். விளக்கின் ஒளி விழும் உயரத்தை அளக்கிறார்கள்.

ஆனால், ஆலையின் வாயிலைக் கடந்த பின் நேர்வது என்ன? வண்டி லாரியில் ஏறுகிறது. வெயிலில் ஒரு கிடங்கில் நிற்கிறது. மாதங்கள் செல்கின்றன. பிறகு விற்பனையாளரின் முற்றத்தை அடைகிறது. அங்கே அதனை ஓட்டத்துக்கு உரியதாக்கும் இறுதி வேலை ஒன்று உண்டு. ஆலையின் தரம் நம் வீட்டு வாயில் வரை வந்து சேர்வதும் சேராததும் அவ்வொரு வேலையைப் பொறுத்தது. அதனை ஒப்படைப்புக்கு முந்திய பரிசோதனை என்பார்கள். நம்மில் எத்தனை பேர் அதன் பெயரையேனும் கேட்டிருக்கிறோம்?

பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். நன்கு செய்த பேட்டரியும் சும்மா கிடந்தால் தானே மின்னை இழக்கும். இக்கால வண்டிகளிலோ, சாவியை எடுத்த பின்பும் கடிகாரம், பூட்டு, எச்சரிக்கைக் கருவி முதலியவை சிறிது சிறிதாக மின்னை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. மின் குறைந்த நிலையில் பல வாரம் கிடந்தால் தகடுகளின்மேல் ஈய சல்பேட்டுப் படிகங்கள் இறுகிப்போகும். அதன்பின் எவ்வளவு மின் ஏற்றினாலும் பழைய வலிமை முழுதும் திரும்பாது. இது கரகம்பாடியின் குற்றமன்று. வேறெந்த ஆலையின் குற்றமும் அன்று. கிடங்கில் இருந்தபோது மின் ஏற்றாதவரின் குற்றம். அதனை அறிவதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை. வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தால், நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாது காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி. பாதி நிறைந்த குடத்தைப் புதுக்குடம் என்று விலை கொடுத்து வாங்குவோமா?

டயரின் கதையும் இதற்கு உறவுதான். பல நாள் ஒரே இடத்தில் நிற்கும் வண்டியின் டயர் தட்டையாகிவிடாதிருக்க, ஆலையிலேயே காற்றை மிகுதியாக நிரப்பி அனுப்புவது உண்டு. ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள அட்டையில் குறித்த அளவுக்கு அதனைக் குறைக்க வேண்டியவர் விற்பனையாளர். குறைக்காது கொடுத்தால் வண்டி துள்ளும். மழையில் பிடிமானம் தளரும். நாமோ, "புது வண்டி சற்று முரடாகத்தான் ஓடும்" என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொள்வோம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்பது பொருள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களிலும் இதனைப் படித்துப் பார்ப்பது நலம். காணிப்பாக்கம் விநாயகர் சந்நிதியில் பூசையிடும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோமே, அப்போதேனும் அவ்விலக்கங்கள் கண்ணில் படலாம்! ஆனால் அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

அமெரிக்க நாட்டில் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் வீடுகள் உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்க் குழாய், கழிப்பறை அனைத்தும் கொண்ட சிறு வீடு. அடியில் அச்சும் சக்கரமும். இந்தியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரம் அத்தொழிலின் தாயகம். விற்பனையாளரின் இறுதி வேலை எத்துணை இன்றியமையாதது என்பதை அவ்வீடுகளைக் கொண்டு தெளிவாக அறியலாம். ஆலையில் வீடாகப் பிறந்தது, நூற்றுக்கணக்கான மைல் சாலையில் குலுங்கிக்கொண்டே விற்பனையாளரிடம் செல்கிறது. அக்குலுக்கலில் கூரையின் பூச்சு விரியலாம். குழாய் இணைப்பு தளரலாம். எரிவாயுக் குழாயில் கசிவு காணலாம். ஆகவே தண்ணீர்க் குழாயை அழுத்தம் கொடுத்துச் சோதிப்பதும், எரிவாயுக் கசிவு பார்ப்பதும், சக்கர நட்டுகளை அளவாக முறுக்குவதும் விற்பனையாளரின் பொறுப்பு. வாங்கியவருக்கும் ஒரு கடமை உண்டு. சக்கரம் பூட்டிய பிறகு முதல் 10 மைலிலும், 25 மைலிலும், 50 மைலிலும் நிறுத்தி நட்டுகளை மீண்டும் முறுக்கிப் பார்க்குமாறு அங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள். புதிய உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று அமர்ந்து இடம் கொள்ளும்வரை நட்டு தளரக்கூடும் என்பதே காரணம்.

இழுவை வீடுகள் நம் நாட்டில் அரிது. ஆயினும் அதே இயல்புடைய பொருள் ஒன்று நம்மிடையே உண்டு. அது பாடி கட்டிய வேனும் பேருந்தும். அடிச்சட்டமும் எஞ்சினும் ஓர் ஆலையில் உருவாகும்; மேற்கூடு கரூர் போன்ற ஊர்களில் வேறொரு பட்டறையில் எழும். இத்தகைய வண்டிக்குரிய அரசுச் சான்று படிவம் 22-அ என்பது. அதில் இரண்டு பகுதிகள்: முதலாவது சேசிஸ் செய்தவர் தருவது, இரண்டாவது பாடி கட்டியவர் தருவது. இருவரும் தத்தம் பகுதிக்குக் கையொப்பமிடுகிறார்கள். இரண்டும் சேரும் இடம் இருக்கிறதே, அங்கேதான் தொல்லை பிறக்கும். கூட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் யு-போல்ட்டு, கூட்டின் விளக்குகளுக்காகப் பிரித்தெடுத்த மின்கம்பி, இருக்கையைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டு, அவசரக் கதவின் தாழ்ப்பாள், கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் ஆகிய இவற்றை யாரேனும் ஒருவர் கையால் தொட்டுப் பார்த்தாக வேண்டும். நம் சங்கம் முதியோர்களையும் மாணவர்களையும் அழைத்துச் செல்ல வாங்கவிருக்கும் வேனும் இவ்வகையினதே. அதனால்தான் இப்பொருளை இன்று எடுத்தோம்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் விசயதசமியன்று வண்டி பெற்றனர். ஊரையும் விற்பனையகத்தையும் சொல்ல வேண்டுவதில்லை. அன்று அங்கே வண்டி பெற வந்தோர் கூட்டம் திருவிழாவை ஒத்திருந்தது. நல்ல நேரம் கழியுமுன் தர வேண்டுமென்று ஊழியர் ஓடியாடினர். பரிசோதனைத் தாளில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே மையில், ஒரே மூச்சில் குறியிடப்பட்டிருந்தது. இரண்டாம் வாரத்தில் வண்டியின் முகப்புப் பகுதியிலிருந்து புகை கிளம்பிற்று. விற்பனையகத்தில் கூடுதலாகப் பொருத்திய விளக்குக்காக ஆலையின் கம்பியை அறுத்து, உருகி எதுவும் வைக்காமல் சேர்த்திருந்தார்கள். நல்லவேளை, அப்போது வண்டிக்குள் குழந்தைகள் இல்லை.

இதனைத் தடுக்க அரசு இருக்கிறதே என்பீர்கள். விற்பனையாளர் தரும் படிவம் 21 வண்டியை ஒப்படைத்ததைச் சான்றளிக்கிறது; பரிசோதித்ததை அன்று. முன்னர்ப் புதிய வண்டியைப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டும் வழக்கம் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, விற்பனையாளரிடம் வாங்கும் புதிய வண்டியை அவ்வாறு கொண்டுபோய் நிறுத்த வேண்டுவதில்லை. அலைச்சல் குறைந்தது உண்மை. அதனை நாம் குறை கூறோம். ஆனால் பார்க்கும் கண்ணொன்றும் குறைந்தது.

ஆலை பெரிது, அது பார்த்துக்கொள்ளும் என்னும் நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. கோவாவில் ஒருவர் 2011ஆம் ஆண்டு வண்டிக்குப் பணம் செலுத்த, அவருக்கு 2009இல் செய்த வண்டி தரப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. டாட்டா மோட்டார்ஸ் நிறுவனத்துக்கும் அதன் விற்பனையாளர்க்கும் உள்ள உறவு தனித்தனி வணிகர் இருவர்க்கிடையே உள்ள உறவு என்றும், நிறுவனம் அச்செயலை அறிந்திருந்தது எனக் காட்டப்படாதபோது அதன்மேல் பொறுப்பைச் சுமத்த இயலாது என்றும் 2021 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. எனவே, விற்பனையாளரின் செயலுக்கு விற்பனையாளரையே பொறுப்பாக்கும் சான்று நம் கையில் இருக்க வேண்டும். 2020 சூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. பொருளைப் பூட்டுவதிலோ, பரிசோதிப்பதிலோ, பேணுவதிலோ உரிய கவனம் செலுத்தாமல் தீங்கு விளைந்தால் விற்றவரும் பொறுப்பாளி ஆவார். ஆளுக்கும் பிற உடைமைக்கும் நேர்ந்த தீங்கையே அப்பிரிவு கருதுகிறது. வண்டியின் குறைக்கு வழக்கமான நுகர்வோர் முறையீடு உண்டு. எதற்கும் கையொப்பமிட்ட பரிசோதனைத் தாளின் படி தேவை. கேட்டால் தருவார்கள். கேட்பதற்கு நாம் கூசுகிறோம், அவ்வளவே.

திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லை எங்கு நின்றாலும் வண்டி வாங்க வேலூருக்கும் சென்னைக்கும் செல்லும் பழக்கம் நம்மவரிடம் நிற்கவில்லை. அவ்வாறு தொலைவில் வாங்குவோர்க்கு ஒரு சொல். சிறு குறைக்காக நூறு கிலோமீட்டர் திரும்பிச் செல்ல யாருக்கும் மனம் வராது. குறையோடு பழகிவிடுவோம். ஆகவே, பணத்தின் இறுதிப் பகுதியைச் செலுத்துமுன், முதல் நாளே, பகல் வெளிச்சத்தில், இருவராகச் சென்று பார்த்துவிடுக. ஒருவர் தாளைப் படிக்க, மற்றவர் தொட்டுப் பார்க்கட்டும். இவ்வேலையில் தாய்மார்களே வல்லவர்கள் என்பது எமது கருத்து. புடவைக் கடையில் இழை பார்த்த கண்ணுக்குக் கதவின் இடைவெளியும் வண்ணத்தின் திட்டும் தப்பா. நல்ல நேரத்தில் சாவியை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம்.

இனி, நம்மூர்க்கே உரிய ஒன்றைச் சொல்லி அமைகிறோம். புது வண்டியை வாங்கிய அன்றே திருமலைக்கு ஓட்டிச் செல்வது நம் வழக்கம். ஏறுவதற்கு 1974இல் அமைந்த இரண்டாம் மலைப்பாதை. இறங்குவதற்கு 1944இல் அமைந்த முதற் பாதை. இறங்கும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மிகுதி. புதிய பிரேக்கின் தேய்பரப்பும் தட்டும் சில நூறு கிலோமீட்டர் மென்மையாகப் பயன்பட்டு ஒன்றோடொன்று பொருந்திய பின்பே முழுப் பிடிப்பைத் தரும். பொருந்தாத பிரேக்கை மலையிறக்கம் முழுதும் மிதித்தபடி வந்தால் சூடேறி வலுவிழக்கும். ஆதலின் திருமலைப் பயணத்தை ஓரிரு வாரம் தள்ளி வைத்து, அதற்குள் சமவெளியில் ஓட்டிப் பழக்குவது நன்று. மலைப்பாதையில் இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கி, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு செய்தல் வேண்டும்.

செயற்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். சங்கத்து வேனை விசயதசமியன்று பெறுவதாக முடிவு செய்திருக்கிறீர்கள். அதற்கு இரண்டு நாள் முன்னர், ஆலையில் பணிபுரியும் நம் இளைஞர் இருவரை வோல்ட் மீட்டரோடும் டார்க் ரெஞ்சோடும் அனுப்பி வையுங்கள். பார்க்க வேண்டியவற்றைத் தமிழில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம். வேண்டுவோர் படியெடுத்துக் கொள்ளலாம்.