கேதுருவும் தேக்கும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் காலனி மக்களுள் பலர் சொந்த வீடு கட்ட முனைந்துள்ளனர். ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. மரத்தில் ஏமாந்தால் மீள்வது கடினம். ஆகவே, 'சீடார்' என்று பலரும் உயர்வாகப் பேசும் மரத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு கட்டப்பெற்ற யூதர் ஆலயத்தை அறியாதார் நம்மில் இலர். சாலொமோன் மன்னர் எருசலேமில் ஆலயம் எழுப்பியபோது, தீரு நாட்டு ஈராம் மன்னர் லீபனோன் மலை மரங்களை அனுப்பினார் என்று அம்மக்களின் வேதம் கூறுகிறது. தமிழ் விவிலியத்தில் அம்மரத்தின் பெயர் கேதுரு. அதன் இனத்தைச் சேர்ந்ததே நம் இமயமலையில் வளரும் தேவதாரு.

தேவதாருவின் வைரத்தில் நறுமண எண்ணெய் ஊறியிருக்கிறது. கறையானும் பூஞ்சையும் அதனை எளிதில் அண்டாமைக்கு அதுவே காரணம். எடையும் குறைவு, கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 கிலோ. உளிக்கு நன்கு இணங்கும். காஷ்மீரத்தில் வீடும் பள்ளிவாசலும் பாலமும் படகுவீடும் அதனாலேயே அமைந்தன. ஆயினும் தேக்கின் வலிமை அதற்கு இல்லை. எண்ணெய் கசியும் இடத்தில் வர்ணமும் வார்னிஷும் சரிவர நிற்பதில்லை.

இருப்புப் பாதைக்கும் இம்மரம் பெரிதும் உழைத்தது. 19ஆம் நூற்றாண்டில் வடநாட்டு ஆறுகளில் மிதக்கவிடப்பெற்று வந்த தேவதாருக் கட்டைகள் தண்டவாளங்களைத் தாங்கின. அதனால் காடுகள் குன்றின. 1864ஆம் ஆண்டு வனத்துறை தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

தென்னாட்டிலோ சந்தன வேம்பையும் சீடார் என்பர். பெயர் மணத்தால் வந்தது, உறவு வேம்போடுதான். பெட்டிக்கும் அலமாரிக்கும் கதவுப் பலகைக்கும் அது நன்று. உத்தரத்துக்கு அதனை நம்புதல் தகாது.

உப்புக்காற்றும் ஓயாத மழையும் உள்ள கொச்சிக்கு ஏற்றவை தேக்கும், நாஞ்சில் நாட்டார் அயனி என்னும் ஆஞ்ஞிலியுமே. பறம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்குக் கொணர 1907ஆம் ஆண்டு முதல் 1963ஆம் ஆண்டு வரை தனி டிராம் பாதையே இயங்கிற்று என்றால் அதன் அருமை விளங்கும். தேக்கிலும் வைரமே நிலைக்கும். வெளிப்புற வெண்மரம் விரைவில் உளுத்துப்போகும். கடைக்காரர் சொல்லும் பெயரைக் காட்டிலும் கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்ப்பதே அறிவுடைமை. எம்மரமாயினும் உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். ஈர மண்ணில் படாமல் நிறுத்துதல் வேண்டும்.

பழைய வீட்டை இடிப்போருக்கும் ஒரு வேண்டுகோள். அதன் உத்தரங்களை வந்த விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். பல்லாண்டு உலர்ந்த வைரம் புதுக் கட்டையினும் மேலானது. இழைத்தால் மீண்டும் உழைக்கும். 1555ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் கட்டி, 1663க்குப் பின் டச்சுக்காரர் புதுப்பித்த நம்மூர் அரண்மனையின் மர விதானத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நல்ல மரமும் நல்ல பராமரிப்பும் சேர்ந்தால் எத்தனை தலைமுறை தாங்கும் என்பதை அவர்கள் கண்ணாரக் காணட்டும்.