கூட நிற்பவனின் கதை



அமெரிக்க எழுத்தாளர் கேப்ரியல் ஜெவினின் 'டுமாரோ, அண்ட் டுமாரோ, அண்ட் டுமாரோ' 2022இல் வெளிவந்த நாவல். வீடியோ கேம் உருவாக்குபவர்களின் கதை. கேம் என்றதும் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சேர்ந்து வேலை செய்கிற இருவருக்குள் நட்பு எங்கே அடிபடுகிறது என்பதை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன கதையை அண்மையில் நான் படித்ததில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் கால் நொறுங்கிக் கிடக்கிறான் சாம். காரணம், அவன் தாயைப் பறித்த ஒரு கார் விபத்து. யாரிடமும் பேச மாட்டான். தன் அக்காவைப் பார்க்க வந்த சிறுமி சேடி, விளையாட்டறையில் அவன் மாரியோ என்ற கேம் ஆடுவதைப் பார்க்கிறாள். மாறி மாறி ஆடுகிறார்கள். பையன் வாய் திறக்கிறான். அப்புறம் அடிக்கடி வருகிறாள். அந்த நேரத்தையெல்லாம் பாட் மிட்ஸ்வா என்ற யூதச் சடங்குக்கான சமூக சேவைக் கணக்கில் அவள் எழுதிவந்தது ஒருநாள் சாமுக்குத் தெரிந்துவிடுகிறது. மொத்தம் 609 மணி நேரம். பேச்சு முறிகிறது, பல ஆண்டுகளுக்கு.

அது துரோகமா? இல்லை என்பேன். கணக்கு எழுதினாள்தான், ஆனால் அவனோடு ஆடிய மகிழ்ச்சி பொய்யில்லை.

வளர்ந்தபின் மீண்டும் சந்திக்கும் இருவரும் 'இச்சிகோ' என்ற கேமை உருவாக்குகிறார்கள். கடல் அடித்துச்சென்ற குழந்தை வீடு திரும்பும் ஆட்டம். ஆட்டம் ஜெயித்ததும் ஊர் சாமின் பெயரையே சொல்கிறது. சேடியின் உழைப்பு பின்னுக்குப் போகிறது. சாம் மீது எனக்குக் கோபம் வந்த இடம் இது. பின்னால் துக்கத்தில் முடங்கிக் கிடக்கும் சேடியை, பெயரை மறைத்துக்கொண்டு ஓர் இணைய ஆட்டத்தின் வழியாக அவன் அணுகுவதும் எனக்கு ஒப்பவில்லை. நேரே போய் நின்றிருக்க வேண்டும்.

அப்படி நிற்கத் தெரிந்தவன் மார்க்ஸ் வதனபே. சாமின் அறைத்தோழன். கேம் வடிவமைப்பவன் அல்ல. வேலை நடக்கத் தன் வீட்டையே விட்டுக்கொடுப்பான். இருவருக்கும் என்ன தேவை என்று பார்த்துப் பார்த்துச் செய்வான். அவன் குண்டடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும்போது, ஒரு முழு அத்தியாயத்தை அவன் மனதுக்குள் இருந்து, 'நீ' என்று அவனை விளித்தே எழுதுகிறார் ஜெவின். கேம்களில் ஆட்டக்காரர் இயக்காத துணைப்பாத்திரத்தை என்.பி.சி. என்பார்கள். மார்க்ஸை சாம் அப்படித்தான் இழிவாகச் சொல்கிறான். என் கணக்கில் இந்த நாவலின் நாயகன் அவன்தான்.

கேம் ஆடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களோடு சேர்ந்து இதைப் படியுங்கள். மார்க்ஸின் அத்தியாயம் வரும்போது மட்டும் அவசரப்படாதீர்கள்.