காட்டுக்காகப் போட்ட ஒரு மனு
(கண்ணமங்கலம் கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



கடன், வட்டி, தவணை பத்தி எனக்கு முன்னால பேசினவங்க சொல்லிட்டாங்க. எனக்குக் குடுத்தது காடும் சட்டமும். ஜவ்வாது மலையில காடு நின்னாதான் நம்ம நாகநதியில தண்ணி. அதனால இது மலைக்காரங்க விஷயம்னு கீழ இருக்கிறவங்க எழுந்து போயிடாதீங்க.

1995-ல் கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் உச்ச நீதிமன்றத்துல ஒரு மனு போட்டார். கேரளாவுல நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர். நம்ம நீலகிரி கூடலூர்ல, ஒரு காலத்துல அவங்க குடும்பத்துக்கிட்ட இருந்து பிறகு அரசாங்கத்துக்குப் போன காட்டுல மரம் விழுறதைப் பார்த்துட்டுதான் போட்டார். கூடலூருக்காகப் போட்ட மனு நாடு முழுசுக்கும் பேசிச்சு. 1996 டிசம்பர் 12-ல் தீர்ப்பு சொன்னாங்க: ரெக்கார்டுல காடுன்னு எழுதியிருந்தாலும் சரி, அகராதி அர்த்தப்படி காடா இருந்தாலும் சரி, யாருக்குச் சொந்தமா இருந்தாலும் 1980-ஆம் வருஷ வனப் பாதுகாப்புச் சட்டம் அதுக்குப் பொருந்தும். மத்திய அரசு அனுமதி இல்லாம மரம் வெட்டறது நிக்கணும். தமிழ்நாட்டுக் காட்டுப் பகுதிக்குத் தனியாவே தடை போட்டாங்க. அதே உத்தரவுல, சமூகக் காடு திட்டத்துல இருக்கிற பழங்குடிகள் காடு அல்லாத பட்டா நிலத்துல மரம் வளர்த்துச் சட்டப்படி வெட்டிக்கலாம்னும் இருக்கு. இதை நம்ம ஆளுங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்றதில்ல.

2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க. மறுபடியும் வழக்கு. 2024 பிப்ரவரியில, இப்போதைக்கு 1996-ல் சொன்ன அர்த்தத்தையே மாநிலங்கள் பின்பற்றணும்னு உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுச்சு.

ஆனா இந்த வழக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைக் காரணம் காட்டி 2002-ல் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பிச்சு. பல மாநிலத்துல தலைமுறையா காட்டுக்குள்ள இருந்தவங்க குடிசையும் போச்சு. மரத்துக்கு வக்கீல் கிடைச்சாரு, மனுஷனுக்குக் கிடைக்கல, அப்படித்தான் நான் நினைக்கிறேன். அந்த அநியாயத்துக்குப் பதிலா வந்ததுதான் 2006 வன உரிமைச் சட்டம். ஒடிசாவுல நியம்கிரி மலையில பாக்சைட் சுரங்கம் வேணுமா வேணாமான்னு கிராம சபையைக் கேளுங்கன்னு 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 12 கிராம சபையும் வேணாம்னுச்சு. இந்தச் சட்டத்தோட பலத்துலதான்.

இனி நம்ம வேலை. வன உரிமைக்கான கிராம சபையில பாதிப் பேர் இருக்கணும். வந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் பெண்ணா இருக்கணும். நாம போகலேன்னா அந்தத் தீர்மானம் நிக்காது. வன உரிமைக் குழுவுலயும் மூணுல ஒரு பங்கு பெண்கள். குடும்பத்துக்குக் கிடைக்கிற பட்டாவும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் வரணும்.

தனி நிலத்துக்குப் படிவம் ‘ஏ’. புளி, தேன், கடுக்காய் எடுக்கிற மாதிரி ஊர்ப் பொது உரிமைக்குப் படிவம் ‘பி’. ஊரே சேர்ந்து காட்டைக் காக்கவும் பராமரிக்கவும் படிவம் ‘சி’. நிறைய ஊர்ல ‘ஏ’ மட்டும் குடுத்துட்டு நிறுத்திடறாங்க. அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னாடி ஒவ்வொரு குழுவும் ‘சி’ படிவத்தைத் தீர்மான நோட்டோட எடுத்து வாங்க. கொடுத்ததுக்கு ரசீது கேட்டு வாங்குங்க.