ஈயமும் தங்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாட்டியத்துக்கும் நாடகத்துக்கும் நடுவே அணுவைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். ஆகவே என் வீட்டுத் திண்ணையில் நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

கோடை விடுமுறையில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் மாலையில் என்னிடம் விஞ்ஞானம் படிக்க வந்தனர். அவர்களுள் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அடர்த்தி என்றால் என்ன என்று கேட்டேன். நிறையைப் பருமனால் வகுக்க வருவது என்று ஆங்கிலத்தில் பிசகின்றி ஒப்பித்தாள். “தங்கம், ஈயம் இரண்டில் எதற்கு அடர்த்தி மிகுதி?” என்றேன். “ஈயத்துக்கு” என்றாள். காரணமும் சொன்னாள்: ஈயத்தின் அணு நிறை 207, தங்கத்தினது 197.

விடை தவறுதான். ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம் இருக்கும், ஈயம் 11.3 கிராமே. எனினும் அத்தவற்றை நான் மதிக்கிறேன். பாடநூலில் அணு ஓர் அத்தியாயம், அடர்த்தி வேறோர் அத்தியாயம். இரண்டையும் இணைத்துப் பார்க்க அவள் ஒருத்திதான் துணிந்தாள். அவள் கணக்கில் விடுபட்டது ஒன்றே: அணு அடைத்துக்கொள்ளும் இடம். தங்கத்திலும் ஈயத்திலும் அணுக்கள் ஒரே விதமாகவே அடுக்கப்பட்டுள்ளன. ஆனால் ஈய அணுவின் குறுக்களவு ஏறக்குறைய 1.2 மடங்கு, ஆகவே அது கொள்ளும் இடம் ஏறக்குறைய 1.8 மடங்கு. ஒரே டப்பாவில் நெல்லிக்காய் எத்தனை கொள்ளும், எலுமிச்சை எத்தனை கொள்ளும் என்பது தாய்மார்கள் அறிந்ததே.

இத்தகைய பாடங்களுக்காகவே பாவனைச் சோதனைகள் வந்திருக்கின்றன. சிமுலேஷன் என்பார்கள். நோபெல் பரிசு பெற்ற கார்ல் வீமன் என்னும் பௌதிக அறிஞர் 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தில் இவை இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றுள் சில தமிழிலும் உண்டு. ஒன்றில் குழந்தை தானே அணுவைக் கட்டலாம். ஆறு புரோட்டான் வைத்தால் கார்பன். ஏழாவதைச் சேர்த்த கணமே நைட்ரஜன். எலக்ட்ரானை எடுத்தாலோ தனிமம் மாறாது, மின்னேற்றமே மாறும். மற்றொன்றில் நீர்த்தொட்டியும் தராசும் பெயர் தெரியாத கட்டிகளும் இருக்கும். நிறுத்து, அமிழ்த்தி, ஏறிய நீரின் அளவைக் கொண்டு அது இன்ன பொருள் என்று கண்டறிய வேண்டும்.

“கைப்பேசியைக் கொடுத்தால் விளையாடிக் கெடாதோ?” என்று ஓர் அம்மையார் என்னைக் கேட்டார். கெடும், தனியே விட்டால் கட்டிகளை நீரில் போட்டு வேடிக்கைதான் பார்க்கும். நான் ஒரு விதி வைத்தேன்: மிதக்குமா, மூழ்குமா என்று முதலில் தாளில் எழுது, பிறகு திரையைத் தொடு. எழுதியது பொய்த்துப்போகும்போதுதான் பிள்ளை நிமிர்ந்து உட்காருகிறது.

திரைக்கும் குறைகள் உண்டு. அதில் ஈயக்கட்டிக்குக் கனமே இல்லை; வாளித் தண்ணீரும் கையில் ஏந்திய இரும்பும் இன்னமும் வேண்டும். அணுக்கருவைக் கண்ணுக்குத் தெரிவதற்காக மிகப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். 1911-இல் ரூதர்போர்டு உலகுக்கு அறிவித்த அணுக்கரு அத்தனை பெரிதன்று. தங்க அணுவின் கருவை 2 மில்லிமீட்டர்க் கடுகாகக் கொண்டால், அணு ஏறக்குறைய 40 மீட்டர் குறுக்களவு உடையது. நம் திடலின் நடுவில் கடுகை வைத்துவிட்டு, பிள்ளைகளை இருபது மீட்டர் தள்ளி நிறுத்தினேன். ஒருவருக்கும் கடுகு தெரியவில்லை. அணுவின் நிறையெல்லாம் பெரும்பாலும் அக்கடுகுக்குள்தான் என்றதும் பேச்சு அடங்கிவிட்டது.

அன்றிரவு அச்சிறுமி தன் பாட்டிக்கு இதை விளக்க முயன்றிருக்கிறாள். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பேத்திக்கோ தமிழில் விஞ்ஞானச் சொற்கள் தெரியா. திரையைத் தமிழுக்கு மாற்றி, ‘அடர்த்தி’ என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்தாளாம். பாட்டி மிதக்கும் கட்டி ஒன்றைக் காட்டி இது என்ன என்றார். பனிக்கட்டி என்றாள். “தண்ணீர் உறைந்ததுதானே? அதே அணுக்கள்தானே? பின் ஏன் மேலே நிற்கிறது?”

மறுநாள் பேத்தி அக்கேள்வியோடு வந்தாள். நீரின் மூன்று நிலைகளைக் காட்டும் வேறொரு பாவனையைத் திறந்தோம். உறைந்ததும் மூலக்கூறுகள் நெருங்காமல், நடுவே வெற்றிடம் விட்டு வளையங்களாய் நின்றன. ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம். அவள் நோட்டில் குறித்துக்கொண்டு, பாட்டியிடம் சொல்லத் தமிழில் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டுப் போனாள்.